‘நீ சொல்லு, நான் எடுத்து வைக்கிறேன்’ என்கிறார் கணவர்

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு வணக்கம்.

நான் ஈரோட்டில் ஒரு ஜவுளி ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். கணவருக்குப் பெருந்துறையில் ஆலை வேலை. பெண் நான்காம் வகுப்பு, பையன் ஒன்றாம் வகுப்பு. மாமியார் எங்களோடு இருக்கிறார். அவருக்குச் சர்க்கரை, காலையும் இரவும் இன்சுலின் போட வேண்டும். பையனுக்குப் பனி பட்டால் வீசிங் வந்துவிடும்.

அரையாண்டு விடுமுறையில் ஏற்காட்டில் இரண்டு ராத்திரி டென்ட் போட்டுத் தங்கலாம் என்று முடிவாகியிருக்கிறது. கணவருடைய நண்பரின் காப்பித் தோட்டத்தில் இடம். சமையலும் நாமே. பிள்ளைகள் இப்போதே குதிக்கிறார்கள். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை.

போன ஞாயிறு மொட்டை மாடியில் டென்ட்டை விரித்துப் பார்த்தார். சிமென்ட் தரையில் ஆணி இறங்காது என்று நாலு மூலைக்கும் தண்ணீர் கேன் வைத்துக் கட்டினார். பிள்ளைகள் உள்ளே புகுந்து ஒரே கூத்து. நான் பக்கத்தில் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தேன். மனசு முழுக்க வேறு கணக்கு. பையனுக்கு ஸ்வெட்டர் சின்னதாகியிருக்குமே. இன்ஹேலரில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது? அத்தைக்கு யார் ஊசி போடுவார்கள்? பால்காரரிடம் சொல்ல வேண்டும். மாவு மிஞ்சினால் புளித்துப்போகும். அவர் டென்ட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டி, “ஏம்புள்ள, நீயும் உள்ள வந்து பாரு, ஜாலியா இருக்குது” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று ராத்திரி பதினோரு மணிக்கு அடுப்படியை ஒழித்துவிட்டு வந்து இதையெல்லாம் கொட்டினேன். “என்னென்ன எடுத்து வைக்கோணும்னு சொல்லு, நான் எடுத்து வெக்கிறேன். எதுக்கெடுத்தாலும் டென்ஷன் ஆகாத” என்றார். குளிரைப் பற்றிக் கேட்டதற்கு, கேஸ் அடுப்பை டென்ட்டுக்குள் வைத்துக்கொண்டால் கதகதப்பாக இருக்குமாம்.

நல்ல மனுஷர்தான். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. பாத்திரம் கழுவச் சொன்னால் கழுவுவார். ஆனால் சொல்ல வேண்டும். சொன்னதை மட்டும்தான் செய்வார். போன வருஷம் குலதெய்வம் கோயிலுக்கு அவர் கட்டிய பையை நான் மறுபடி பிரித்துத்தான் கட்டினேன்.

பேசாமல் ‘நான் வரலைங்க, நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க’ என்று சொல்லிவிடலாமா? அப்படிச் சொன்னால் தப்பாகிவிடுமா?

— பெயர் வேண்டாம், ஈரோடு

*

அன்புள்ள தோழிக்கு,

வரவில்லை என்று சொல்வதில் தப்பே கிடையாது. ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் வீட்டில் இருந்தாலும் அவர்கள் மூவருக்கும் மூட்டை கட்டப்போவது நீங்கள்தான். அங்கே போனபிறகு ‘அந்த டப்பா எங்கே வெச்ச’ என்று போன் வரும். பயணத்தின் வேலை முழுக்க உங்களுக்கு, சந்தோஷம் மட்டும் அவர்களுக்கு என்று ஆகிவிடும். அதனால்தான் எனக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை.

உங்கள் கணவர் சோம்பேறி இல்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. ‘நீ சொல்லு, நான் எடுத்து வைக்கிறேன்’ என்றபோது தன் பங்கைச் செய்வதாகத்தான் அவர் மனதார நினைத்திருப்பார். ஆனால் அவர் தருவது கையை மட்டும். எது வேண்டும், எது தீர்ந்திருக்கிறது, எதை மறந்தால் என்ன ஆகும் என்று ஓடிக்கொண்டே இருக்கும் தலை உங்களுடையதாகவே இருக்கிறது. சொல்வதற்கு முன்னால் யோசிக்க வேண்டும் அல்லவா? அந்த யோசனைதான் உங்களை மாடியில் அழ வைத்தது.

அமெரிக்கச் சமூகவியலாளர் அலிசன் டேமிங்கர் 35 தம்பதிகளிடம் பேசி 2019-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். வீட்டின் மூளை வேலையை அவர் நான்காகப் பிரிக்கிறார்: தேவையை முன்கூட்டியே உணர்வது, அதற்கு என்னென்ன வழி என்று தேடுவது, முடிவெடுப்பது, முடிவெடுத்தது நடக்கிறதா என்று கண்காணிப்பது. முடிவெடுக்கும்போது இருவரும் இருக்கிறார்கள். முதலும் கடைசியும் பெரும்பாலும் மனைவியின் தலையில் விழுகின்றன. உங்கள் வீட்டிலும் ஏற்காடு என்று முடிவாகிவிட்டது. பனி, ஊசி, இன்ஹேலர் எல்லாம் உங்கள் நினைப்பில் மட்டும்தான் வந்தன.

நம் நாட்டிலும் 2019-ல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் இறங்கிய பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். அப்படி இறங்கிய ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். பாயில் படுத்துக்கொண்டு நாளைக்கு என்ன என்று கணக்குப் போடும் நேரம் இதில் பெரும்பாலும் ஏறியிருக்காது.

சரி, என்ன செய்யலாம்? வேலையைத் துண்டு துண்டாகப் பிரிக்காதீர்கள். முழுசாக ஒப்படையுங்கள். டென்ட், படுக்கை, விளக்கு, அடுப்பு, அங்கே மூன்று வேளைக்குச் சமையல் சாமான், எல்லாம் அவர் பொறுப்பு. என்ன வேண்டும் என்று யோசிப்பதும் அவரே, வாங்குவதும் அவரே, மறந்தால் சமாளிப்பதும் அவரே. பிள்ளைகளின் துணிமணி, பால்காரர், பக்கத்து வீட்டுச் சாவி ஆகியவை உங்களுடையவை. ஒருவர் பங்கை இன்னொருவர் கேட்கக்கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாது.

இதில் உங்களுக்குத்தான் கஷ்டம் அதிகம். அவர் கட்டிய பையை நீங்கள் பிரித்துக் கட்டினால் அந்த வேலை அன்றே உங்களிடம் திரும்பி வந்துவிடும். அவர் உப்பை மறக்கலாம். மறந்தால் டவுனுக்கு அவரே போய் வாங்கி வரட்டும், இல்லையென்றால் ஒரு வேளை உப்பில்லாமல் சாப்பிடுங்கள். யாருக்கும் ஒன்றும் ஆகாது. இரண்டு நாள் பயணத்தில் தவறினாலும் பெரிய நஷ்டம் இல்லை. இதைப் பழக அது நல்ல இடம்.

தவறக்கூடாதவை சில உண்டு, அவற்றை இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். பையனை இந்த முறை டாக்டரிடம் அவர் கூட்டிப் போகட்டும். இன்ஹேலரை எப்போது, எத்தனை முறை கொடுப்பது, எந்த நிலையில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று அவரே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவு. நடுராத்திரியில் மூச்சு இழுத்தால் என்ன செய்வது என்று வீட்டில் இரண்டு பேருக்குமே தெரிந்திருக்க வேண்டும்.

அடுப்பு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே செய்யாதீர்கள். கேஸோ கரியோ, மூடிய டென்ட்டுக்குள் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். துணி தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. குளிருக்கு அடியில் தடிமனான பாய், இரண்டு அடுக்குத் துணி, குல்லா, காலுறை, கம்பளி. இதை அவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அத்தையின் ஊசி அவர் பொறுப்பு. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்தியது அந்த வரிதான். அவருடைய அம்மாவுக்கு யார் ஊசி போடுவார்கள் என்று நீங்கள் மட்டும் கவலைப்பட்டிருக்கிறீர்கள். அக்காவோ தங்கையோ இருந்தால் வந்து இருக்கச் சொல்வதோ, பழக்கமான நர்ஸைப் பேசி வைப்பதோ அவருடைய வேலை. அளவையும் நேரத்தையும் அவரே கைப்பட எழுதி வைக்கட்டும். மூன்று நாளுக்கு அத்தைக்கு யார் துணை என்று முடிவாகாமல் வண்டி கிளம்பக்கூடாது.

இதையெல்லாம் ராத்திரி பதினோரு மணிக்குப் பேசாதீர்கள். அந்த நேரத்தில் உங்கள் குரலில் இருக்கும் அசதிதான் அவர் காதில் விழும். ஞாயிற்றுக்கிழமை காப்பி குடித்த கையோடு உட்காருங்கள். ‘நீங்க எதுவுமே செய்யறதில்லை’ என்று ஆரம்பித்தால் தான் செய்ததையெல்லாம் அவர் எண்ணிக் காட்டுவார். ‘எனக்கும் ஏற்காட்டுக்கு ஆசையா வரணுங்க, மண்டை நிறைய கணக்கோட வர முடியலைங்க’ என்று சொல்லிப் பாருங்கள். மாடியில் ஏன் அழுதீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அவருக்கு அது இன்னும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

திரும்பி வரும் நாளையும் அப்போதே பேசிவிடுங்கள். ஈர டென்ட்டைச் சுருட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், அழுக்குத் துணி குவியும், மறுநாள் அலுவலகம் இருக்கும். அதையும் இருவருக்குமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு மாதம் கழித்து வீட்டு வேலையில் ஒன்றை இதே மாதிரி முழுசாக அவரிடம் கொடுங்கள். அத்தையின் சர்க்கரைப் பரிசோதனை, மருந்து வாங்குவது, டாக்டர் தேதி மூன்றும் சேர்ந்து ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

பேசும்போது அவர் சிரித்து மழுப்பினாலோ, ‘உனக்கு வேற வேலையில்லை’ என்றாலோ, அங்கேயே நிறுத்திவிட்டு இன்னொரு நாள் பேசுங்கள். அப்போதும் காது கொடுக்கவில்லை என்றால் இருவருமாக ஒரு ஆலோசகரை நேரில் பாருங்கள். அதற்குச் சண்டை முற்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.