மங்கல் என்றால் எந்த மங்கல்?

கேள்வி: ஹட்டனில் சனிக்கிழமைகளில் ஒரு புகைப்பட வகுப்புக்குப் போகிறேன். போன கிழமை சேர் எங்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, ஒருவர் எடுத்த படங்களைப் பார்த்து மற்றவர் கருத்துச் சொல்ல வேண்டும் என்றார். எனக்குக் கிடைத்த பிள்ளை, பனிமூட்டத்தில் கொழுந்து பறிக்கிற ஒரு பெண்ணைப் பத்துப் படம் எடுத்திருந்தாள். "எல்லாமே மங்கலா இருக்கு, சாம்பல் பூசின மாதிரி" என்று சொல்லிவிட்டேன். அது அவளுடைய அம்மா என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது அவள் என்னோடு பேசுவதில்லை. பேசாமல் "சூப்பர்" என்று சொல்லியிருக்கலாமோ? – வாசகி, கொட்டகலை

பதில்: சொல்லியிருக்கலாம் தங்கச்சி, பேசிக்கொண்டும் இருப்பாள். அடுத்த சனிக்கிழமையும் அதே சாம்பல் படத்தையே கொண்டுவந்திருப்பாள், அவ்வளவுதான். "சூப்பர்" என்பது படத்தைப் பார்க்காமலே சொல்லக்கூடிய சொல். ஆனால் நீங்கள் சொன்ன "மங்கல்" மட்டும் என்ன, அதை வைத்து அந்தப் பிள்ளை எதைத் திருத்துவாள் சொல்லுங்கள்?

மங்கலில் எத்தனையோ வகை இருக்கிறது. படம் முழுக்க ஒரே பக்கமாக இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. பின்னால் இருக்கிற தேயிலைச் செடி பளிச்சென்று இருந்து முகம் மட்டும் கரைந்திருந்தால் போகஸ் தவறிப் பின்னால் விழுந்திருக்கிறது. முகம் தெளிவாக இருக்க விரல்கள் மட்டும் கலங்கியிருந்தால், கொழுந்து பறிக்கிற கை அந்த வேகத்தில் ஓடுகிறது என்று அர்த்தம், அது குறையே இல்லை, என்னைக் கேட்டால் அந்தப் படத்தைத்தான் முதலில் எடுத்து வைப்பேன். அப்புறம் நீங்கள் சொன்ன சாம்பல். அது பெரும்பாலும் கெமரா செய்கிற வேலை. முன்னால் இருப்பது எதுவானாலும் அதைச் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரத்தான் அதற்குப் பழக்கியிருக்கிறார்கள், அதனால் வெள்ளைப் பனியைக் கண்டதும் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டினால் பனி வெள்ளையாகிவிடும். போனில் எடுப்பதென்றால் திரையில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் மேலே தள்ளினால் போதும். ஒரே நிமிட வேலை. இதைச் சொல்லியிருந்தால் கோபப்படுவதற்குப் பதிலாக அங்கேயே செய்து பார்த்திருப்பாள்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒன்றைக் கேட்டிருக்க வேண்டும்: "இதில் உனக்குப் பிடித்த படம் எது, ஏன்?" "இது எங்க அம்மா" என்பது அந்தப் பதிலிலேயே வெளியே வந்திருக்கும். மங்கலை அவள் வேண்டுமென்றே வைத்தாளா, தானாக வந்ததா என்பதும் தெரிந்திருக்கும். இதில் பெரிய ஆட்களே சறுக்கியிருக்கிறார்கள். ஜூலியா மார்கரெட் கெமரன் என்று ஒரு புகைப்படக்காரர், 48 வயதில்தான் அவர் கைக்கு முதல் கெமரா வந்தது, மகள் கொடுத்த பரிசு. அவருடைய படங்கள் போகஸ் இல்லாதவை, கவனக்குறைவானவை என்று அந்தக் காலத்துப் புகைப்பட விமர்சகர்கள் கழுவி ஊற்றினார்கள். அவரோ, கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் நிறுத்திவிடுவேன், அதற்கு மேல் லென்ஸைத் திருகமாட்டேன் என்றார். இன்றைக்கு அந்த விமர்சகர்களின் பெயர் யாருக்குத் தெரியும்? 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் நம் மலைநாட்டிலேயே இறந்தார். கல்லறை உங்களுக்குப் பக்கத்தில்தான், பொகவந்தலாவை தேவாலயத்தில். ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாக பஸ் போகிறது, சமாதானமானதும் இரண்டு பேருமாக ஒரு நாள் போய்ப் பாருங்கள்.

இனி சமாதானத்துக்கு வருவோம். "அம்மா என்று தெரியாது" என்று ஆரம்பிக்காதீர்கள், வேறு யாராவது என்றால் அப்படிச் சொல்லலாம் என்பது போல ஆகிவிடும். "அன்றைக்கு அவசரப்பட்டுட்டேன், படங்களை இன்னொரு தரம் காட்டுறியா" என்று கேளுங்கள். காட்டினால் உடனே வாயைத் திறக்க வேண்டாம், பத்தையும் ஒரு தரம் முழுதாகப் பாருங்கள். பிறகு உங்கள் கண் எங்கே போய் நின்றதோ அதைச் சொல்லுங்கள், கூடைக் கயிறு நெற்றியில் அழுந்துகிற இடமாக இருக்கலாம், சேறு படிந்த காலாக இருக்கலாம். குறை சொல்வதானால் ஒன்று, மிஞ்சினால் இரண்டு, அதுவும் அடுத்த முறை மலைக்கு ஏறும்போது அவளால் மாற்றக்கூடியதாகப் பார்த்து. அம்மா நின்ற நிலையைப் பற்றியோ முகத்தைப் பற்றியோ பேச்சே வேண்டாம். அவர் வேலை செய்துகொண்டிருந்தார், போஸ் கொடுக்க வரவில்லை.

கேள்வி: என் நிலைமை தலைகீழ். எந்தப் படத்தைக் காட்டினாலும் வகுப்பில் எல்லோரும் "நல்லா இருக்கு" என்கிறார்கள். உண்மையை எப்படி வாங்குவது? – வாசகர், பண்டாரவளை

பதில்: "எப்படி இருக்கு?" என்று கேட்டால் அந்தப் பதில்தான் வரும், தம்பி. ஐந்து படங்களை மேசையில் பரப்பி, "இதில் ஒன்றைத் தூக்கிப் போட வேண்டும், எதைப் போடலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். எடுத்ததும் ஏன் என்று மட்டும் கேளுங்கள். அந்தப் படத்துக்காக நீங்கள் வக்கீல் வேலை பார்க்கத் தொடங்கினால், அடுத்த தடவை மறுபடி "நல்லா இருக்கு"தான்.