கிணற்று நீர் ஆய்வுக்கு எதை ஆதாரமாக எடுப்பது?

கேள்வி: யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று பற்றி இறுதியாண்டு ஆய்வேடு எழுதுகிறேன். பத்திரிகைச் செய்திகள், ஒரு திணைக்கள அறிக்கை, இணையத்தில் எடுத்த சஞ்சிகைக் கட்டுரைகள் கையில் இருக்கின்றன. ‘பியர் ரிவியூ’ ஆனதை மட்டும் எடுக்கச் சொல்கிறார் மேற்பார்வையாளர். மற்றதை எறிந்துவிடவா? – மாணவி, திருநெல்வேலி

பதில்: எறிய வேண்டாம், தங்கச்சி. பியர் ரிவியூவில், கட்டுரையை அதே துறையில் உள்ள இரண்டு மூன்று பேர் வாசித்து, முறை சரியா, தரவு தாங்காத முடிவு ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பெரும்பாலும் சம்பளமில்லாத வேலை. அவர்கள் சுன்னாகத்துக்கு வந்து தண்ணீர் அள்ளிச் சோதிப்பதில்லை; எழுதியவர் தந்த எண்களை நம்பியே வாசிக்கிறார்கள். தடுப்பூசியையும் ஓட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட கட்டுரை 1998இல் லான்செட் என்ற பெயர்பெற்ற மருத்துவச் சஞ்சிகையில் வந்தது. அது மீளப்பெறப்பட்டது 2010இல்தான்.

பெயருக்கு மட்டும் ரிவியூ நடத்தும் சஞ்சிகைகளும் உண்டு. 2013இல் ஜோன் பொஹானன் என்ற அறிவியல் பத்திரிகையாளர் வேண்டுமென்றே பிழை வைத்த கட்டுரையை 304 சஞ்சிகைகளுக்கு அனுப்பினார்; 157 ஏற்றுக்கொண்டன. பிரசுரக் கட்டணம் கேட்பது மட்டும் குற்றமல்ல, நல்ல சஞ்சிகைகளும் கேட்கின்றன. ஒரு வாரத்தில் பிரசுரம் என்று வாக்குத் தந்தால் விலகிவிடுங்கள்.

உங்கள் தலைப்பில் பெரிய பொறி அலகுதான். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அதையே நைதரசனாக, அதாவது அதிலுள்ள நைதரசனை மட்டும், கணக்கிட்டால் 11.3 அளவில் வரும். ஒரு கட்டுரை ‘12’ என்கிறது என்று வையுங்கள்: நைத்திரேற்றாக என்றால் பயமில்லை, நைதரசனாக என்றால் எல்லை தாண்டிவிட்டது. அலகைச் சொல்லாத கட்டுரை எந்தச் சஞ்சிகையில் வந்தாலும் அட்டவணையில் சேர்க்காதீர்கள்.

திணைக்கள அறிக்கையில் மாதிரி எடுத்த மாதத்தைத் தேடுங்கள். மாரி மழைக்குப் பிறகு எடுத்ததையும் கோடையில் எடுத்ததையும் அப்படியே ஒப்பிட முடியாது. எந்த ஆய்வுகூடம், எத்தனை கிணறு என்பதும் இருந்தால் அது ரிவியூ ஆகாவிட்டாலும் மதிப்புள்ள தரவு. பத்திரிகைச் செய்தியை நைத்திரேற்று அளவுக்குச் சான்றாக்காதீர்கள். சனம் எப்போது முறைப்பாடு செய்யத் தொடங்கியது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது. பழைய பத்திரிகைகளுக்கு ‘நூலகம்’ இணையத்தளத்தைப் பாருங்கள்.

மேற்பார்வையாளர் சொன்ன கட்டுப்பாடு இலக்கிய மீளாய்வு அத்தியாயத்துக்கு மட்டுமா, முழு ஆய்வேட்டுக்குமா என்று நேரே கேட்டுவிடுங்கள். அனேகமாக முதலாவதாகத்தான் இருக்கும்.