பெருகிப்போன தூண்டில் சாமான்கள்: எதை வைப்பது, எதை விடுவது?

கேள்வி: "கீழக்கரையில் வசிக்கிறேன். 22 ஆண்டுகள் துபாயில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒரு ராடு, ஒரு ரீல் என்று வாங்கி வந்ததில் இப்போது 11 ராடுகளும் 17 ரீல்களும் ஆறு பெட்டி லூர்களும் (செயற்கை இரைகளும்) சேர்ந்துவிட்டன. வாப்பா வைத்திருந்த கைத்தூண்டில்கள், மச்சான் கொடுத்த இரண்டு சாக்கு வலை, நான்கைந்து கிலோ ஈயம் ஆகியவை தனி. மகள் பிள்ளைகளோடு வந்து தங்க வேண்டிய அறையை இவைதான் அடைத்துக்கொண்டிருக்கின்றன. நான் மாதம் இரண்டு முறை, அதுவும் கரையில் நின்றுதான் மீன்பிடிக்கிறேன். எதை வைத்துக்கொள்வது, எதை விற்பது, எதை எறிவது?"

பதில்: பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து "இது வேண்டுமா?" என்று கேட்கத் தொடங்கினால், மாலைக்குள் எல்லாம் துடைக்கப்பட்டுப் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். வாங்கிய நாளும் கொடுத்த விலையும் நினைவுக்கு வந்துவிட்டால் எதையும் கைவிட மனம் வராது. ஆகவே சாமான்களைத் தொடாமல், முதலில் ஒரு தாளில் கடந்த ஓராண்டில் நீங்கள் மீன்பிடிக்கப் போன இடங்களையும், போன மாதங்களையும், தேடிப்போன மீனையும் எழுதுங்கள். மாதம் இரண்டு முறை என்றால் மொத்தம் 24 பயணங்கள்தாம். அந்த 24 பயணங்களுக்கும் தேவைப்பட்டது எதுவோ அதுவே உங்கள் சாமான். மற்றவை வேறு யாருக்கோ உரியவை, உங்கள் வீட்டில் காத்திருக்கின்றன.

உங்கள் பட்டியல் எப்படி அமையும் என்பதைப் பெரும்பாலும் இங்குள்ள காற்றே தீர்மானித்துவிடுகிறது. ஏறக்குறைய வைகாசி முதல் புரட்டாசி வரை கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும்போது, மன்னார் வளைகுடாவாகிய தென்கடல் கொந்தளிப்பாகவும், பாக் நீரிணைப் பக்கமாகிய வடகடல் ஓரளவு அமைதியாகவும் இருக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடை திரும்பியதும் இந்த நிலை தலைகீழாகும். இதனால்தான் பாம்பன், இராமேசுவரம் பக்கத்து மீனவர்கள் காற்றைப் பார்த்துக் கடல் மாறித் தொழில் செய்கிறார்கள். நீங்களும் வாடைக் காலத்தில் கீழக்கரை ஜெட்டியிலும், கச்சான் காலத்தில் தேவிபட்டினம், தொண்டிப் பக்கத்திலும் நின்றிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் உங்களுக்கு வேண்டியவை இரண்டு செட்டுகள் மட்டுமே.

வடகடலின் பெரும்பகுதி 15 மீட்டரைத் தாண்டாத ஆழம் கொண்டது. கரையோரம் மணலும் சேறும் கடற்புல்லுமாக இருக்கும். அங்கே ஓரா, கிழங்கான், முரல், கணவாய் ஆகியவற்றுக்கு ஏழடி நீளமுள்ள இலகுவான ராடு, 2500 அல்லது 3000 அளவு ரீல், 0.30 மில்லிமீட்டர் நரம்பு (நைலான் ஒற்றை இழை), சிறிய தூண்டில் முட்கள், கணவாய்க்கு இரண்டு மூன்று ஜிக் (கணவாய்க்கென்றே செய்த லூர்) இருந்தால் போதும். தென்கடலில் பார்கள், அதாவது கடலடிப் பாறைத்திட்டுகள் உண்டு. பாறை, ஊழி, விளைமீன், கலவா என்று கிடைப்பவை பலமுள்ளவை, கலவாவோ முள்ளை விழுங்கிய கையோடு கல் இடுக்குக்குள் நுழைந்துவிடும். அதற்கு ஒன்பதடி ராடு, 4000 அல்லது 5000 அளவு ரீல், 30 பவுண்டு பின்னல் நூல், நுனியில் 0.60 மில்லிமீட்டருக்குக் குறையாத நரம்பு லீடர் (நூலுக்கும் முள்ளுக்கும் இடையே கட்டும் தடித்த துண்டு) வேண்டும். இரண்டுக்கும் பொதுவாக ஒரு மாற்று ராடும் இரண்டு மாற்று ரீல்களும் சேர்த்தால், மூன்று ராடுகள், நான்கு ரீல்கள். உங்கள் 11இலும் 17இலும் மீதியை எந்த வருத்தமும் இல்லாமல் விடலாம்.

ஆழ்கடல் ஜிக்கிங் (படகிலிருந்து கனமான லூரை ஆழத்தில் இறக்கி ஆட்டிப் பிடிப்பது) என்று வாங்கிய குட்டையான, கனமான ராடுகள் இருந்தால் அவற்றை முதலில் விடுங்கள். கரையிலிருந்து அவற்றால் ஒரு பயனும் இல்லை. "தீவுப் பக்கம் ஒருநாள் போவோம்" என்ற எண்ணத்தில் வைத்திருப்பவர்கள், கீழக்கரைக்கு எதிரே இருக்கும் அப்பா தீவு, தலையாரி தீவு, வாழைத் தீவு உள்ளிட்ட 21 தீவுகளும் 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை என்பதையும், அங்கே அனுமதியின்றி இறங்கவோ மீன்பிடிக்கவோ கூடாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பழைய பெட்டிகளின் அடியில் சில சமயம் காய்ந்த கடல் குதிரையோ பவளத் துண்டோ கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். 2001 முதல் அவை சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை; அவற்றை விற்கவும் கூடாது, பெட்டியோடு சேர்த்து யாருக்கும் கொடுத்துவிடவும் கூடாது. கண்ணில் பட்டால் இராமநாதபுரத்திலுள்ள வனத்துறை அலுவலகத்தைக் கேட்டு அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.

இனி தரம் பார்த்தல். இதில் அதிகக் கவனம் வேண்டியது நரம்புக்குத்தான். ஏனென்றால் ராடும் ரீலும் கெட்டால் கண்ணுக்குத் தெரியும், நரம்பு கெட்டால் மீன் போன பிறகுதான் தெரியும். தங்கூசி என்கிற இந்த ஒற்றை இழை நரம்புக்கு வெயில் பகை. ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் தனுஷ்கோடிப் பக்கம் ஒரு காலைப்பொழுதில் அடுத்தடுத்து மூன்று பாறை மீன்களை இழந்தேன். நரம்பு புதியது, உறை பிரித்து இரண்டு நாள்கூட ஆகவில்லை, ஆகவே முடிச்சைக் குறை சொன்னேன், மீனைக் குறை சொன்னேன். வீட்டுக்கு வந்து இரண்டு விரல்களுக்கிடையே இழுத்துப் பார்த்தபோது, விரல் நுனியில் அரிசி மாவு போல வெண்தூள் ஒட்டியது. கடை முகப்பில் வெயில் படும் கண்ணாடி அலமாரியில் அது எத்தனை ஆண்டு தொங்கியதோ, தள்ளுபடி என்றதும் நான் கேட்கவில்லை.

ஆகவே ஒவ்வொரு சுருளிலும் ஒரு முழம் இழுத்து, விரலில் தூள் ஒட்டுகிறதா, நகத்தில் சொரசொரப்புத் தட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு சாதாரண முடிச்சு ஒன்றைப் போட்டு, எச்சில் தொட்டு இறுக்கி, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு நிதானமாக இழுங்கள். நல்ல நரம்பு நீண்டு கொடுத்து, மிகுந்த விசைக்குப் பிறகே அறும், கெட்டது நீளாமல் முடிச்சிலேயே பொட்டென்று போய்விடும். மேல் சுற்று தோற்றால் உடனே முழுச் சுருளையும் எறிய வேண்டாம். மேல் சுற்றுகள் அடிச்சுற்றுகளுக்கு நிழல் கொடுத்திருக்கும். 50 மீட்டரை உருவிப் போட்டுவிட்டு மறுபடி சோதியுங்கள். இரண்டாம் முறையும் தோற்றால் விட்டுவிடலாம். பின்னல் நூல் வெயிலுக்கு இவ்வளவு விரைவில் தளராது, உரசலில்தான் தேயும். முன்பகுதி பஞ்சு பஞ்சாக நைந்திருந்தால், நூலை இன்னொரு காலி ரீலுக்கு மாற்றிச் சுற்றுங்கள். இதுவரை தண்ணீரே காணாத அடிப்பகுதி மேலே வந்துவிடும்.

கழித்த நரம்பை அப்படியே குப்பையில் போடாதீர்கள், எரிக்கவும் வேண்டாம், கடலில் மட்டும் எறியவே எறியாதீர்கள். விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி, காலித் தண்ணீர் பாட்டிலில் அடைத்து, மூடிக் குப்பை எடுப்பவரிடம் கொடுங்கள். கண்ணியாகச் சுருண்டு கிடக்கும் நரம்புதான் ஆமையின் துடுப்பிலும் கொக்கின் காலிலும் மாட்டுகிறது.

முட்களில் நம்மவர்கள் ஒரே அளவை மீண்டும் மீண்டும் வாங்கிக் குவிப்பதற்கு எண்முறைக் குழப்பமே காரணம். வெறும் எண் போட்ட முட்களில் எண் ஏற ஏற முள் சிறுக்கும். 10ஆம் எண்ணைவிட 6ஆம் எண் பெரியது. சாய்கோடு போட்டுப் பூஜ்யம் சேர்த்த முட்களில் இது நேர்மாறு. 2/0ஐவிட 5/0 பெரியது. எல்லா முட்களையும் ஒரு வெள்ளைத் துணியில் கொட்டி, எண்ணைப் பார்க்காமல் உருவத்தை வைத்துப் பிரியுங்கள். பத்து வகை என்று நீங்கள் நினைத்திருந்தது நான்கு வகையாகச் சுருங்கும். பிறகு முள்ளின் நுனியைக் கட்டைவிரல் நகத்தின் மேல் மெல்ல இழுத்தால், கூரானது கோடு கிழித்து நிற்கும், மழுங்கியது வழுக்கும். தண்டில் மட்டும் லேசான பழுப்பு இருந்தால் பாதகமில்லை. செதிளுக்கு (நுனியை ஒட்டிய எதிர்முனைக்கு) அடியிலோ நூல் கட்டும் காதிலோ துரு தின்றிருந்தால் அந்த முள் கழிய வேண்டியதுதான். கழிக்கும் முட்களையும் மூடி போட்ட கெட்டியான டப்பாவில் போட்டுக் கொடுப்பதே முறை. குப்பையைப் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் விரலையும் நாம் நினைக்க வேண்டும்.

ரீல்களைச் சோதிக்க எளிய வழி, நூலைத் தொடாமல் கைப்பிடியை மிக மெதுவாகச் சுற்றுவது. வேகமாகச் சுற்றினால் எல்லா ரீலும் நன்றாகவே ஓடும். மெதுவாகச் சுற்றும்போதுதான் மணல் நறநறப்பதும், ஒரே இடத்தில் தட்டுவதும் கைக்குத் தெரியும். உடம்பில் வெண்தூள் பூத்திருந்தால் அலுமினியத்தை உப்பு தின்கிறது என்று பொருள். மேலோடு நின்றிருந்தால் காப்பாற்றலாம், பல்சக்கரம் வரை போயிருந்தால் பழுதுபார்க்கும் செலவு ரீலின் விலையை எட்டிவிடும். ஒரே மாடலில் இரண்டு மூன்று ரீல்கள் உங்களிடம் இருக்கக்கூடும். அப்படியானால் கெட்டதை எறியாமல் உதிரிப் பாகங்களுக்காக ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டுமே. வைத்துக்கொள்ளும் நான்கு ரீல்களிலும் டிராக்கை (மீன் இழுக்கும்போது நூலை அளவாக விட்டுக்கொடுக்கும் பிடியை) முழுவதும் தளர்த்தி வையுங்கள். இறுக்கியே வைத்தால் உள்ளிருக்கும் வட்டுகள் நசுங்கி, மீன் இழுக்கும்போது திக்கித் திக்கி விடும். கழுவும்போது குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சாதீர்கள், அது உப்பை உள்ளே தள்ளும். ஈரத்துணியால் துடைப்பதே போதும்.

ராடுகளுக்கு அதிக நேரம் வேண்டாம். வளையங்களுக்குள் ஒரு பஞ்சுத் துண்டை விட்டுச் சுழற்றுங்கள். இழை சிக்கினால் அந்த வளையத்தில் கீறல் இருக்கிறது, அது உங்கள் நூலை ஒவ்வொரு வீச்சிலும் அறுத்துக்கொண்டிருக்கிறது. வளையத்தை மாற்றலாம். தண்டை வளைக்கும்போது டக்கென்று சத்தம் வந்தால் சரிசெய்ய வழியில்லை, ராடையே கழித்துவிடுங்கள்.

லூர்களில் ரப்பர் போன்ற மென்மையான வகைகளைக் கெட்டி பிளாஸ்டிக் வகைகளோடு ஒரே பெட்டியில் வைத்திருந்தால், நம் ஊர் வெக்கையில் இரண்டும் உருகி ஒட்டிப் பிசின் போலாகியிருக்கும். அந்தப் பெட்டி முழுவதையும் தயங்காமல் கழித்துவிடுங்கள். கெட்டி லூர்களின் மூன்றுமுனை முட்கள் மட்டும் துருப்பிடித்திருந்தால், முட்களை மாற்றிப் பயன்படுத்தலாம். ஆறு பெட்டிகளில் உண்மையில் மீன் கண்டவை இருபதைத் தாண்டாது என்பது என் கணிப்பு. மீன்களைவிட மீன்பிடிப்பவர்களைப் பிடிப்பதற்காகவே பல லூர்களுக்கு வண்ணம் அடிக்கிறார்கள்.

ஈயத்தில் ஒரு கிலோ போதும். மீதியை வீட்டு அடுப்பில் உருக்கிக் குண்டு வார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஈயப் புகையும் தூளும் நஞ்சு, முக்கியமாகப் பிள்ளைகளுக்கு. மகளின் குழந்தைகள் வரப்போகும் வீட்டில் அந்தப் பேச்சே வேண்டாம். ஈயத்தைத் தொட்டால் கையைக் கழுவிய பிறகே சாப்பாட்டில் கை வையுங்கள்.

வலைச் சாக்குகளைப் பொறுத்தவரை, வீச்சு வலை ஒன்று நல்ல நிலையில் இருந்தால் இரை பிடிக்க வைத்துக்கொள்ளலாம். மற்றவற்றில் மிதப்புகளையும் ஈயத்தையும் அறுத்தெடுத்தால், அவற்றை நாட்டுப்படகுக்காரர்கள் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார்கள். தடித்த நைலான் நூல் வலையைக் கத்திரி, வெண்டைக்கு ஆட்டு வேலியாகக் கட்டுவது நம் ஊர் வழக்கம்தான், அதில் தவறில்லை. ஆனால் தங்கூசி வலையை அப்படிக் கட்டாதீர்கள், பறவையும் பாம்பும் சிக்கிச் சாகும். அதை நறுக்கி மூட்டையாகக் கட்டிப் பழைய பிளாஸ்டிக் எடுப்பவரிடம் கேட்டுப் பாருங்கள்.

விற்பதா, கொடுப்பதா என்பதை வாங்குபவரின் தேவையே முடிவு செய்யட்டும். வெளிநாட்டு ராடு, ரீல், லூர் ஆகியவற்றுக்கு உங்களைப் போலப் பொழுதுபோக்காகப் பிடிப்பவர்களிடம்தான் மதிப்பு; விற்கும்போது குறையைச் சொல்லி விற்றால், பிறகு ஜெட்டியில் முகம் பார்த்து நிற்கலாம். தொழில் செய்பவர்களுக்கு அவை வேண்டாம். நல்ல முள், ஈயம், சோதித்துத் தேறிய நரம்பு, சுழல் வளையம் என்றால் அவர்களுக்கு உதவும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாள்களிலும் நாட்டுப்படகுகள் போகும், தூண்டில் தொழிலும் நடக்கும். பங்குனிக்குள் பிரித்து முடித்தால், கேட்டு வாங்க ஆள் இருக்கும்.

வாப்பாவின் கைத்தூண்டில்களை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பலகையில் சுற்றிய நூல் பழையது, மீனுக்குத் தாங்காது, ஆகவே அதைக் கொண்டு பிடிக்க முயலாதீர்கள். அவர் கையால் சுற்றியதாக நீங்கள் உறுதியாக அறிந்த ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, ஈயத்தைக் கழற்றி, முள்ளின் நுனியில் ஒரு தக்கைத் துண்டைச் செருகி, ஈரம் படாத துணிப்பையில் வைத்துப் பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். மற்றவற்றில் பலகைகள் மட்டும் பயன்படும். அவற்றில் புது நரம்பைச் சுற்றினால், பேரப்பிள்ளைகள் ஜெட்டியில் முரலுக்குப் போட நல்ல கைத்தூண்டில் ஆகும்.