அமெரிக்காவில் மாட்டுப் பண்ணைகளும் மலைகளும் சேர்ந்த பகுதியில், நண்பர்கள் குழுவாகச் சைக்கிளில் போக அழகான பாதைகள் எவை?

நீங்கள் எட்டுப் பேர், அதில் மூன்று பேர் ஒரே நாளில் ஐம்பது மைல் ஓட்டிப் பழகாதவர்கள், கையில் ஒரு வாரம் இருக்கிறது என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்துச் சொல்கிறேன்: மொன்டானா மாநிலத்தின் பிக் ஹோல் பள்ளத்தாக்குக்குப் போங்கள். மற்ற பாதைகளைப் பற்றியும் கீழே எழுதியிருக்கிறேன். ஒன்றே ஒன்றுதான் என்றால் எனக்கு அதுதான்.

ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மலைச்சாலையில் குழு சிதறிவிடும். ஏற்றத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேகம். பைன் காட்டுக்குள் ஒரு வளைவு திரும்பினால் பின்னால் வருபவர் கண்ணில் படமாட்டார். அவருக்குப் பஞ்சரா, மூச்சு வாங்குகிறதா, வெறுமனே நின்று படம் எடுக்கிறாரா, எதுவும் தெரியாது. மாடு மேய்கிற அகலமான பள்ளத்தாக்கில் அந்தக் கவலை இல்லை. மரமில்லாத புல்வெளி, நேராகப் போகும் ரோடு. ஒரு மைல் பின்னால் வருகிறவரின் மஞ்சள் சட்டைகூடப் புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளி நகராமல் இருந்தால் அதுவும் தெரியும். நாலா பக்கமும் பனி ஒட்டிய மலைகள், நடுவில் நாம். மலையில் ஏறித் தவிக்காமல் மலையைப் பார்த்துக்கொண்டே நாள் முழுக்க ஓட்டலாம். குழுவுக்குப் பண்ணை நிலம் ஏற்றது என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்தப் பள்ளத்தாக்கு டிரான்ஸ்அமெரிக்கா டிரெயில் என்ற நெடும்பாதையில் வருகிறது. 1976-இல் அமெரிக்காவின் இருநூறாவது ஆண்டை ஒட்டி 'பைக்சென்டெனியல்' என்ற பெயரில் உருவாக்கிய பாதை அது. மேற்கே ஆரிகனின் அஸ்டோரியாவில் தொடங்கி, கிழக்கே வர்ஜீனியாவின் யார்க்டவுனில் முடியும். நீளம் 4,200 மைலுக்குச் சற்று மேல். அந்த முதல் கோடையிலேயே ஏறத்தாழ 4,000 பேர் ஓட்டினார்கள். வழிகாட்டியோடு சிறு சிறு குழுக்களாகப் போனவர்கள் அவர்களில் நிறைய. அதை நடத்திய அமைப்புதான் இன்று அட்வென்ச்சர் சைக்கிளிங் அசோசியேஷன். இந்தப் பாதைக்கான அவர்களுடைய வரைபடங்களை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த தண்ணீர் எங்கே, அடுத்த கடை எங்கே என்று சைக்கிள்காரர் கேட்கிற கேள்விக்கெல்லாம் அதில் பதில் இருக்கும்.

சரி, பிக் ஹோலுக்கு வருகிறேன். 'ஹோல்' என்றால் இங்கே குழி இல்லை. மலைகள் சூழ்ந்த உயரமான பள்ளத்தாக்கைத் தோல் வேட்டைக்காரர்கள் அப்படி அழைத்தார்கள். பாதையின்படி போனால் சூலா என்ற சிற்றூரிலிருந்து லாஸ்ட் டிரெயில் கணவாய்க்கு ஏற வேண்டும். கணவாய் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. உங்கள் புதியவர்கள் மூவரையும் முதல் நாளே அதில் ஏற்றாதீர்கள். ஒரு வேனில் எல்லாச் சைக்கிளையும் போட்டு, பக்கத்திலேயே இருக்கும் சீஃப் ஜோசஃப் கணவாய்வரை கொண்டுபோய் இறக்குங்கள். ஏறியே தீருவேன் என்பவர்கள் விடியற்காலையில் கிளம்பி ஏறி வந்து சேர்ந்துகொள்ளட்டும். அந்தக் கணவாய்தான் கண்டத்தின் நீர்ப்பிரிமேடு. ஒரு பக்கம் விழும் மழை பசிபிக்குக்குப் போகும், மறுபக்கம் விழுவது மிசூரி வழியாகக் கடைசியில் மெக்சிகோ வளைகுடாவுக்கு. அங்கிருந்து விஸ்டம் என்ற ஊர் சுமார் 26 மைல், பெரும்பாலும் இறக்கம்.

வழியில், விஸ்டமுக்குப் பத்து மைல் முன்னால், பிக் ஹோல் போர்க்களம் இருக்கிறது. அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். 1877 ஆகஸ்ட் 9 அதிகாலையில், தங்கள் மண்ணை விட்டு விரட்டப்பட்டுப் போய்க்கொண்டிருந்த நெஸ் பெர்ஸ் என்ற பூர்வகுடி மக்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது அமெரிக்கப் படை தாக்கிய இடம் அது. இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் அதிகம். ஆற்றோரம் அவர்களுடைய கூடாரங்கள் இருந்த இடத்தில் இன்று வெறும் கழிகளை மட்டும் கூம்பாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நாங்கள் போனபோது, அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டு வந்த எங்கள் கூட்டம் அங்கே ஒரு மணி நேரம் பேசவில்லை. இந்த அழகான புல்வெளி யாரிடமிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு ஓட்டுவதுதான் முறை.

மறுநாள் விஸ்டமிலிருந்து ஜாக்சனுக்கு 18 மைல்தான். ஒரே நாளில் டில்லன்வரை போய்விடலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள், இந்தப் பதினெட்டு மைலை மெதுவாக ஓட்டுங்கள். பத்தாயிரம் புற்போர்களின் பள்ளத்தாக்கு என்று இதற்கு ஒரு பெயர் உண்டு. நம் வைக்கோல் இல்லை, குளிர்காலத்துக்காக அறுத்துக் காயவைத்த மேய்ச்சல் புல். ஆனாலும் தூரத்திலிருந்து பார்த்தால் நம் கண்ணுக்கு அது வைக்கோற்போர்தான். அதை அடுக்க 'பீவர்ஸ்லைட்' என்று மரத்தில் ஒரு சாய்வுமேடை வைத்திருக்கிறார்கள். முப்பதடி உயரம் இருக்கும். புல்லை அந்தச் சாய்வில் மேலே இழுத்து உச்சியிலிருந்து கொட்டினால் மறுபக்கம் போர் தானாக உயரும். இந்தப் பள்ளத்தாக்கிலேயே நூறாண்டுக்கு முன் உருவான கருவி அது. வயல் நடுவே சில இன்னும் நிற்கின்றன. எங்களில் ஒருவர் தஞ்சாவூர்ப் பக்கம் களத்துமேட்டில் வளர்ந்தவர். வேலியோரம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று எங்களுக்கு வேறு அவசரம் எதுவும் இல்லை.

ஜாக்சனில் வெந்நீர் ஊற்று இருக்கிறது. 1806 ஜூலையில், பசிபிக் கடல்வரை வழி தேடிப் போன லூயிஸ்-கிளார்க் குழுவின் வில்லியம் கிளார்க் இங்கே வந்து, ஊற்று நீரில் இறைச்சித் துண்டுகளை வேகவைத்துப் பார்த்துக் குறிப்பெழுதி வைத்தார். மூன்று விரல் பருமனுள்ள துண்டு இருபத்தைந்து நிமிடத்தில் வெந்ததாம்.

மூன்றாம் நாள்தான் கொஞ்சம் உழைப்பு. ஜாக்சனிலிருந்து டில்லனுக்கு சுமார் 48 மைல், நடுவில் பிக் ஹோல், பேட்ஜர் என்று இரண்டு கணவாய்கள். இடையில் கடை கிடையாது. ஆளுக்கு மூன்று, நான்கு லிட்டர் தண்ணீர் கட்டாயம். தெம்பு இருப்பவர்கள் வழியில் பிரிந்து பானக் என்ற கைவிடப்பட்ட ஊரைப் பார்த்துவிட்டு வரலாம். 1862-இல் தங்கம் கிடைத்து முளைத்த ஊர், மொன்டானா பிரதேசத்தின் முதல் தலைநகரமாகவும் இருந்தது. டில்லனுக்கு அப்புறம் டுவின் பிரிட்ஜஸ் 28 மைல். பாதி வழியில் பீவர்ஹெட் பாறை தெரியும். 1805-இல் லூயிஸ்-கிளார்க் குழுவோடு போன ஷோஷோனிப் பூர்வகுடிப் பெண் சகாஜவியா அதை அடையாளம் கண்டு, தன் மக்கள் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று சொன்ன பாறை. டுவின் பிரிட்ஜஸில் ஆற்றோரம் சைக்கிள்காரர்களுக்கென்றே ஊரார் ஒரு தங்குமிடம் கட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே முடித்துக்கொள்ளலாம், ஒரு நாள் மிச்சமிருந்தால் மொன்டானாவிலேயே இருக்கும் வர்ஜீனியா சிட்டி என்ற ஊர்வரை போகலாம்.

கொசுவைப் பற்றி எச்சரிக்காமல் விட்டால் என்னைத் திட்டுவீர்கள். ஜூன், ஜூலையில் பிக் ஹோலில் வண்டியை நிறுத்தினால் மொய்த்துவிடும். ஆகஸ்ட் பிற்பாதி நல்லது. புல் அறுத்துப் போர் போடும் வேலையும் முடிந்திருக்கும். கோடையிலும் இரவு உறைபனி விழும் ஊர் விஸ்டம், ஆகவே கனமான ஸ்வெட்டர் ஒன்று வேண்டும்.

புதியவர்கள் மூவரும் இதற்கே தயங்கினால் தெற்கு டகோட்டாவின் பிளாக் ஹில்ஸில் இருக்கும் மிக்கல்சன் டிரெயிலைச் சொல்வேன். பழைய ரயில் பாதையை மாற்றியது. எட்ஜ்மான்டிலிருந்து டெட்வுட்வரை 109 மைல். நூற்றுக்கும் மேற்பட்ட பாலங்கள், நான்கு சுரங்கங்கள். ரயில் ஏறிய தடம் என்பதால் ஏற்றம் எங்கேயும் நான்கு சதவீதத்தைத் தாண்டாது. கார் தொல்லையும் இல்லை. சில இடங்களில் தனியார் மேய்ச்சல் நிலத்தின் ஊடாகப் போகும், அங்கே குறுக்கே கேட் இருக்கும்.

அந்தக் கேட் விஷயத்தில் நாங்கள் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். முன்னால் போனவர் திறந்தார். வரிசையாக ஏழு பேர் நுழைந்தோம். பின்னால் வருபவர் சாத்துவார் என்று ஒவ்வொருவரும் நினைத்தோம். கடைசியில் வந்தவர் அது திறந்தேதான் கிடக்கும்போல என்று விட்டுவிட்டார். பத்து நிமிடம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் மாடும் கன்றுமாக நான்கைந்து எங்கள் தடத்திலேயே நடந்து வருகின்றன. பண்ணைக்காரம்மா நான்கு சக்கர வண்டியில் வந்து சேர்ந்தார். எங்களை வேலியோரம் வரிசையாக நிற்கச் சொல்லி, சத்தம் போடாமல் அத்தனையையும் உள்ளே திருப்பினார். ஒரு மணி நேரம் ஆயிற்று. கோபப்படவில்லை. "யார் சாத்தப்போகிறீர்கள் என்று பெயர் சொல்லிவிட்டுத் திறங்கள்" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் குழுவில் அதுதான் வழக்கம். கேட்டில் கை வைக்கும் முன் ஒரு பெயரைச் சத்தமாகச் சொல்வோம். அந்த ஆள் கடைசியாக வருவார், சாத்திவிட்டுக் கையைத் தூக்கிக் காட்டுவார். அறிவிப்புப் பலகை எதுவும் இல்லாத இடத்தில், கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட வேண்டும். திறந்திருந்ததைச் சாத்தினால் மாடு தண்ணீருக்குப் போக முடியாமல் போகலாம்.

ரோட்டில் மாட்டு மந்தை வந்தால் எல்லோரும் இறங்கி ஒரே பக்கமாக நில்லுங்கள். இரண்டு பக்கமும் பிரிந்து நின்றால் மாடு மிரளும். குதிரையில் வருபவர் கை காட்டும்வரை அசையாதீர்கள். மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பது நல்லது, குரல் கேட்டால்தான் இது மனிதன் என்று அவற்றுக்குப் புரியும். ஆட்டுக்கிடை என்றால் கூடவே கிரேட் பிரனீஸ் போன்ற பெரிய வெள்ளைக் காவல் நாய்கள் இருக்கும். அவற்றிடமிருந்து வேகமாக ஓட்டித் தப்பிக்கப் பார்க்கக் கூடாது. இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்து, நடந்தே கடந்துபோங்கள். அப்புறம் ரோட்டின் குறுக்கே இரும்புக் கம்பிகளைப் பதித்த 'கேட்டில் கார்டு' (cattle guard) என்ற தடுப்பு வரும், மாடு தாண்டாமல் இருப்பதற்காக. அதை நேர்க்குத்தாகக் கடக்க வேண்டும். அதன்மேல் பிரேக் பிடிக்காதீர்கள், ஹேண்டில்பாரைத் திருப்பாதீர்கள். ஈரமாக இருந்தால் தள்ளிக்கொண்டே போங்கள். முன்னால் போகிறவர் "கம்பி!" என்று கத்திச் சொல்லிவிட வேண்டும்.

எல்லோரும் பரிந்துரைக்கிற மற்ற இடங்கள் பற்றிச் சுருக்கமாக. வயோமிங்கில் சவுத் பாஸ், ஜெஃப்ரி சிட்டி வழி எனக்குப் பிடிக்கும். அந்த வெட்டவெளிக்கு ஈடு கிடையாது. லட்சக்கணக்கானோர் மாட்டு வண்டியில் மேற்கே குடிபெயர்ந்த வழி அது. ஆனால் காற்று கொடுமை. பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும், ஆகவே போனால் கிழக்கு நோக்கிப் போங்கள். புதியவர்களோடு வேண்டாம். கொலராடோவின் சவுத் பார்க் அழகான மேய்ச்சல் சமவெளி. அதை ஒட்டிய ஹூசியர் கணவாய் 11,500 அடி, டிரான்ஸ்அமெரிக்கா பாதையின் மிக உயர்ந்த இடம். அந்த உயரத்துக்கு உடம்பு பழக இரண்டு மூன்று நாள் வேண்டும். கோடையில் மதியத்துக்கு மேல் இடிமின்னல் வழக்கம், நண்பகலுக்குள் கணவாயை விட்டு இறங்கிவிட வேண்டும்.

கிளேசியர் தேசியப் பூங்காவின் கோயிங் டு த சன் சாலையைப் பண்ணை நாடு என்று சொல்ல முடியாது. ஆனாலும் அவ்வளவு தூரம் போகிறவர்கள் ஒரு நாள் ஒதுக்கலாம். சுமார் 50 மைல் நீளம், உச்சியில் லோகன் கணவாய் 6,646 அடி. ஜூன் 15 முதல் செப்டம்பரின் முதல் திங்கட்கிழமைவரை, காலை 11 முதல் மாலை 4 மணிவரை, மேற்குப் பக்கத்தின் சில பகுதிகளில் சைக்கிளுக்குத் தடை உண்டு. வசந்தத்தில் பனியை அகற்றிக்கொண்டிருக்கும்போது, கார்களுக்குத் திறக்கும் முன்பே, சுத்தம் செய்த தூரம்வரை சைக்கிளில் போகவிடுவார்கள். அந்த நாட்கள் கிடைத்தால் விடாதீர்கள். கரடி நெருங்கினால் விரட்ட உதவும் தெளிப்பானைப் பையில் போடாமல் கைக்கெட்டும் இடத்தில் மாட்டுங்கள், இறக்கத்தில் வளைவுக்கு முன் குரல் கொடுங்கள்.

டயர் பற்றி ஒன்று. அமெரிக்க மேற்கில் 'கோட்ஹெட்' என்று எல்லோரும் பயப்படும் முள் வேறெதுவும் இல்லை, நம் நெருஞ்சிதான். ரோட்டோர மண்ணில் படர்ந்து கிடக்கும். ஓய்வெடுக்கச் சைக்கிளை ஓரத்துக்குத் தள்ளிப்போகும் அந்த நாலடியில்தான் குத்தும். தூக்கிக்கொண்டு போங்கள். டியூபுக்குள் அடைப்புத் திரவம் ஊற்றிவிடுங்கள், ஆளுக்கு இரண்டு மாற்று டியூப் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக வருபவர் யார் என்பதையும் தினமும் காலையிலேயே முடிவுசெய்யுங்கள். உங்களில் நன்றாக ஓட்டுகிறவர்தான் அந்த இடத்தில் இருக்க வேண்டும். பம்பும் மருந்துப் பையும் அவரிடம் இருக்கட்டும். முன்னால் போகிறவர்கள் ஒவ்வொரு ஐந்து மைலிலும் நின்று, அவர் வந்து சேர்ந்து, தண்ணீர் குடித்து முடித்த பிறகுதான் கிளம்ப வேண்டும். எங்கள் குழுவில் அப்படி நின்ற இடங்களில்தான் ஆற்று வளைவையும் ஆன்டிலோப் கூட்டத்தையும் பார்த்தோம். தேதி முடிவானதும் கருத்துப் பகுதியில் எழுதுங்கள், எந்த ஊரில் எந்த இரவு தங்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.