பழைய ஹேண்டிகேம் வீடியோக்களை எடிட் செய்ய எந்த கன்வெர்ட்டர் நல்லது?

உங்களிடம் ஹேண்டிகேமில் எடுத்த எம்டிஎஸ் கோப்புகள் மெமரி கார்டில் இருக்கின்றன. அதற்கும் முந்தைய மினி டிவி (MiniDV; தொலைக்காட்சி டிவி அல்ல) கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. எல்லாவற்றையும் எம்பி4 ஆக மாற்றிவிட்டு, வீட்டுக் கம்ப்யூட்டரில் எடிட் செய்ய எந்த கன்வெர்ட்டரைப் போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எதையும் உடனே போடாதீர்கள். முதலில் கார்டில் இருப்பதை அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுங்கள். இன்னொரு டிஸ்க்கில் இன்னொரு நகல். மாற்ற வேண்டுமா என்ற கேள்வியே அதற்குப் பிறகுதான். பெரும்பாலும் மாற்ற வேண்டியே இருக்காது.

நான் இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2010ல் பாளையங்கோட்டையில் என் தங்கை கல்யாணம். நலங்கு வைக்கும்போது ஆச்சி பாடினாள். நான்தான் கேமரா பிடித்திருந்தேன். நடுவில் ஒரு முறைகூட நிறுத்தவில்லை. அப்போது என்னிடமிருந்த மென்பொருளில் எம்டிஎஸ் திறக்கவில்லை. இணையத்தில் கிடைத்த ஒரு இலவச கன்வெர்ட்டரில் எல்லாவற்றையும் சின்ன எம்பி4 கோப்புகளாக்கினேன். கார்டு அடுத்த விசேஷத்துக்குத் தேவைப்பட்டது, அழித்துவிட்டேன். ஆச்சி போய் முதல் வருஷத் திதிக்கு ஒரு வீடியோ செய்யலாம் என்று உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது: அவள் கை அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் போலக் கோடுகள். பாட்டின் நடுவில் ஒரு சொல் பாதியில் அறுந்திருந்தது. மூலக் கோப்பு இல்லாததால் இரண்டையும் என்னால் இன்றுவரை சரிசெய்ய முடியவில்லை. இரண்டுக்கும் காரணம் என்ன என்று பிற்பாடு தேடித் தேடிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தச் சொல் ஏன் அறுந்தது? எம்டிஎஸ் கோப்புக்குப் பின்னால் இருப்பது ஏவிசிஎச்டி, சோனியும் பானசோனிக்கும் 2006ல் சேர்ந்து அறிவித்த வீடியோ பதிவு முறை. அதில் படம் எச்.264 முறையிலும், ஒலி பெரும்பாலும் டால்பியின் ஏசி-3 முறையிலும் சுருக்கப்பட்டிருக்கும். கேமரா இதை எம்டிஎஸ் கோப்பாக எழுதும்போது, ஒரு அளவு வந்ததும் (என் கேமராவில் 2 ஜிபி) அந்தக் கோப்பை முடித்து அடுத்ததைத் தொடங்கிவிடும். பார்க்கிறவருக்கு அது ஒரே ஷாட், கார்டில் இரண்டு மூன்று துண்டு. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக மாற்றினால் சேரும் இடத்தில் ஒலி ஒரு கண் சிமிட்டும் நேரம் விட்டுப்போகும். எந்தத் துண்டு எதன் தொடர்ச்சி என்ற விவரம் கார்டிலேயே வேறு கோப்புகளில் இருக்கிறது. அதனால்தான் 'ஸ்ட்ரீம்' ஃபோல்டருக்குள் போய் எம்டிஎஸ் கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுக்கக் கூடாது. 'பிரைவேட்' என்ற ஃபோல்டரையே முழுதாக எடுங்கள். கேமராவோடு வந்த மென்பொருள் இருந்தால் அதன் வழியே இறக்குமதி செய்யுங்கள், துண்டுகளை அதுவே சேர்த்துத் தரும். இல்லையென்றால், மாற்றுவதற்கு முன்பே, ஒரே ஷாட்டின் துண்டுகளை விண்டோஸின் காப்பி கட்டளையில் பைனரி முறையில் வரிசையாக ஒட்டிவிடலாம். ஒட்டிய கோப்பை அந்தச் சேரும் இடத்தில் ஒரு முறை ஓட்டிக் காதால் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் மாற்றம். ஷாட்கட், கேடென்லைவ் இரண்டும் இலவச எடிட்டிங் மென்பொருள்கள், எம்டிஎஸ் கோப்பை நேராகவே திறக்கும். உங்கள் மென்பொருள் திறக்க மறுத்தாலும், உள்ளே இருக்கும் படத்தையும் ஒலியையும் தொடாமல் வெளிப்பெட்டியை (கோப்பு வகையை) மட்டும் மாற்றினால் போதும். இதற்கு ரீராப் என்று பெயர். குழம்பைத் தூக்குவாளியிலிருந்து வேறு பாத்திரத்துக்கு ஊற்றுவது போல. மறுபடி அடுப்பில் ஏற்றுவதில்லை. படத்தில் ஒரு புள்ளிகூட மாறாது, ஒரு மணி நேர வீடியோ சில நிமிடத்தில் முடிந்துவிடும். லாஸ்லெஸ்கட், ஷட்டர் என்கோடர் இரண்டிலும் இந்த வசதி உண்டு. கட்டளை அடிக்கத் தெரிந்தவர்கள் எஃப்எஃப்எம்பெக்கில் 'காப்பி' என்று சொன்னால் போதும். ஹேண்ட்பிரேக் நல்ல மென்பொருள்தான், ஆனால் அது எதைப் போட்டாலும் திரும்ப என்கோட் செய்யும் (படத்தைப் புதிதாகச் சுருக்கி எழுதும்); அதனால் எடிட்டிங்குக்கு முன் அதைத் தொடாதீர்கள். படம் வந்து சத்தம் மட்டும் வராவிட்டால் ஏசி-3 தான் காரணமாக இருக்கும். படத்தைத் தொடாமல் ஒலியை மட்டும் சாதாரண வேவ் ஒலியாக மாற்றுங்கள்.

சீப்புப் பல் கோடுகளுக்கு வருகிறேன். இது பெரும்பாலானவர்கள் தவறும் இடம். அந்தக் காலத்து கேமராக்கள் பெரும்பாலும் ஒரு நொடிக்கு 25 முழுப் படம் எடுக்கவில்லை, 50 அரைப் படம் எடுத்தன. ஒரு அரைப் படத்தில் ஒற்றைப்படை வரிகள், அடுத்ததில் இரட்டைப்படை வரிகள். இரண்டுக்கும் நடுவே நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் ஓடியிருக்கும். அசையாத சுவரில் வித்தியாசம் தெரியாது. நலங்கு வைக்கும் கை அதற்குள் நகர்ந்துவிடும், இரண்டையும் ஒன்றாக அடுக்கினால் ஓரம் பல் பல்லாகத் தெரியும். பழைய டிவி இதைத் தானே சமாளித்தது, கம்ப்யூட்டர் திரை அப்படியே காட்டிவிடும். இதை இன்டர்லேஸ் என்பார்கள். நான் பயன்படுத்திய கன்வெர்ட்டர் அந்த அரைப் படங்களைப் பிரிக்காமலே படத்தைச் சின்னதாகச் சுருக்கிவிட்டது. வரிகள் ஒன்றோடொன்று கலந்தபின் பிரிக்க வழியில்லை.

ஆகவே கோடு தெரிகிறதே என்று பயந்து முதலிலேயே எதுவும் செய்யாதீர்கள். இன்டர்லேஸாகவே எடிட் செய்து, கடைசியாக எக்ஸ்போர்ட் பண்ணும்போது ஒரே ஒரு முறை டீஇன்டர்லேஸ் செய்யுங்கள், அதாவது அரைப் படங்களை முழுப் படங்களாக்குங்கள். அப்போது நொடிக்கு 25 இல்லாமல் 50 ஃபிரேம் என்று வையுங்கள். 50 அரைப் படமும் 50 முழுப் படமாக வரும், அசைவு அன்று டிவியில் பார்த்த அதே வழுக்கலோடு இருக்கும். எஃப்எஃப்எம்பெக்கில் பிடபிள்யூடிஐஎஃப் என்ற ஃபில்டர் இதை அழகாகச் செய்கிறது. இன்னொன்று: எந்த அரைப் படம் முதலில் என்பதைத் தப்பாகக் கொடுத்தால் அசைவு முன்னும் பின்னும் துடிக்கும். மினி டிவி கேசட் என்றால் கீழ் வரி முதலில், எச்டி என்றால் மேல் வரி முதலில். மீடியாஇன்ஃபோ என்ற சின்ன இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் இதெல்லாம் எழுதியிருக்கும்.

கம்ப்யூட்டர் பழசாக இருந்து டைம்லைன் திணறினால் பிராக்சி வசதியை (எடிட் செய்யும்போது மட்டும் லேசான நகலைக் காட்டுவது) ஆன் செய்யுங்கள், அவ்வளவுதான். ப்ரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்டி என்ற எடிட்டிங்குக்கு எளிதான, ஆனால் பெரிய கோப்பு வகைகளாக மாற்றச் சொல்வார்கள். சொல்வது சரியே, ஆனால் 24 எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு 24 மெகாபிட்) மணிக்கு 11 ஜிபி பிடித்தது, 120 எம்பிபிஎஸ்ஸில் 54 ஜிபி ஆகும். வீட்டு வேலைக்கு அது வேண்டாம்.

இனி கேசட். மினி டிவி கேசட்டில் இருப்பது ஏற்கனவே டிஜிட்டல். அதை மாற்றுவது என்ற பேச்சே இல்லை, கேமராவிலிருந்து ஃபயர்வயர் என்ற கேபிள் வழியே அப்படியே இறக்க வேண்டும். சோனி கேமராவில் அந்தத் துளைக்குப் பக்கத்தில் ஐ.லிங்க் என்றும் மற்றவற்றில் டிவி (DV) என்றும் எழுதியிருக்கும். அதே கேமராவில் யுஎஸ்பி துளை இருந்தாலும் பெரும்பாலான மாடல்களில் அது ஃபோட்டோவுக்கும் மட்டமான வெப்கேம் படத்துக்கும்தான். ஒரு முனை ஃபயர்வயர், மறுமுனை யுஎஸ்பி என்று மலிவாக ஒரு இணைப்பான் விற்பார்கள், நானும் ஒன்று வாங்கி ஏமாந்தேன். இரண்டும் பேசும் மொழியே வேறு, அது வேலை செய்யவே செய்யாது. டெஸ்க்டாப்பில் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் கார்டு ஒன்று மாட்டுவதுதான் வழி. ரிச்சி தெருவில் அலைந்து பழைய கார்டு ஒன்று பிடித்தேன்.

மஞ்சள், வெள்ளை ஏவி கேபிளில் யுஎஸ்பி கேப்சர் குச்சியை மாட்டி எடுப்பதைக் கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். படம் மங்கும் என்பது ஒரு நஷ்டம். எனக்கு அதைவிடப் பெரிய நஷ்டம் தேதி. மினி டிவி கேசட்டில் ஒவ்வொரு ஃபிரேமோடும் படம் எடுத்த நாளும் நேரமும் பதிவாகியிருக்கும். ஃபயர்வயரில் அதுவும் சேர்ந்து வரும், ஏவி கேபிளில் வராது. எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசம் 2003 ஆவணியா 2004 வைகாசியா என்று அம்மாவும் சித்தப்பாவும் பல வருஷம் வாதாடினார்கள். வின்டிவி என்ற சின்ன மென்பொருளில் இறக்கினேன், அது கோப்பின் பெயரிலேயே தேதியைப் போட்டுவிட்டது. சித்தப்பா சொன்னதுதான் சரி, 2004. கேமராவில் தேதியைச் சரியாக வைத்திருந்தால்தான் இது பலிக்கும்.

ஒரு மணி நேர கேசட் இறங்க ஒரு மணி நேரமே ஆகும், சுமார் 13 ஜிபி பிடிக்கும். அந்த ஏவிஐ கோப்பை எடிட்டிங் மென்பொருள் நேராக ஏற்கும். ஓட்டுவதற்கு முன் ஒரு முறை கடைசிவரை சுற்றித் திரும்பச் சுற்றுங்கள், நாடாவின் இறுக்கம் சீராகும். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் கேமராவுக்குள் போடவே கூடாது. நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டையும் கெடுக்கும்.

உறவினர் வீட்டிலிருந்து எம்ஓடி கோப்புகள் வந்தால், அவை எம்பெக்-2 தான். பெயரின் கடைசியை எம்பிஜி என்று மாற்றினாலே பெரும்பாலும் திறக்கும். அகலப்படம் நெருங்கித் தெரிந்தால் 16:9 என்று நீங்களே குறித்துவிடுங்கள். சின்ன டிவிடியில் பதியும் கேமரா என்றால் அதே கேமராவில் ஃபைனலைஸ் செய்த (பதிவை முடித்து மூடிய) பிறகே கம்ப்யூட்டர் வட்டைப் படிக்கும்.

கார்டை இன்று இரவே நகலெடுத்துவிடலாம். அது முடிந்ததும் எடிட்டிங்கைத் தள்ளிவைத்துவிட்டு கேசட்டுகளை எடுங்கள். மினி டிவி கேமரா ரிப்பேரானால் உதிரி பாகம் கிடைப்பது இப்போது கஷ்டம். உங்களுடையது இன்னும் ஓடுகிறது என்றால் இந்த வாரமே உட்காருங்கள், பெரியவர்கள் குரல் இருக்கும் கேசட்டை முதலில் ஓட்டுங்கள்.