டேங்குக்குக் கீழே தீ மூட்டினால் கிளெய்ம் போய்விடுமா?

கேள்வி: நாமக்கல்லில் சொந்தமாக இரண்டு லாரி வைத்திருக்கிறேன். நவம்பர் கடைசியில் லே போன வண்டி, திராஸில் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. டிரைவர் டீசல் டேங்குக்குக் கீழே துணியைக் கொளுத்திச் சூடு காட்ட, வயரிங்கில் தீப்பிடித்து கேபின் எரிந்துவிட்டது. டிரைவரின் கவனக்குறைவு என்று இன்சூரன்ஸ் கம்பெனி கிளெய்மை நிராகரித்துவிட்டது. ‘ஷார்ட் சர்க்யூட்’ என்று மாற்றி எழுதிக் கொடுக்கச் சொல்கிறார் ஏஜென்ட். கொடுக்கலாமா?

பதில்: கூடாது. நடந்ததைச் சொன்னாலே உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. பொய்யை எழுதிக் கொடுத்தால், இதுவரை கம்பெனியிடம் இல்லாத மோசடிக் காரணத்தை நீங்களே கையில் கொடுத்தது போலாகும்.

பேக்கேஜ் பாலிசியில் (சொந்த வண்டியின் சேதத்துக்கும் சேர்த்து எடுப்பது) தீ விபத்து நேரடியாகவே வருகிறது. ‘வண்டியைப் பாதுகாக்க நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும்’ என்ற நிபந்தனையைத்தான் கம்பெனி பிடித்துக்கொள்ளும். அது பாலிசிதாரரான உங்களுக்கான கடமை. டிரைவர் அந்த நேரத்தில் செய்த தவறு, நீங்கள் வேண்டுமென்றே செய்த சேதம் ஆகாது. நிபந்தனை மீறல் என்றே வைத்துக்கொண்டாலும், அமலேந்து சாகூ வழக்கில் (2010) உச்ச நீதிமன்றம் கிளெய்ம் தொகையில் 75 சதவீதம் தரச் சொன்னதைக் காட்டி வாதாடலாம்.

பில்லை இரண்டாகப் பிரியுங்கள். கேபின், வயரிங் எல்லாம் தீயால் வந்த சேதம். உறைந்த டீசலால் அடைத்த ஃபில்டர், பம்ப், இன்ஜெக்டர் செலவு இயந்திரக் கோளாறு. அதற்குப் பாலிசியில் இடமில்லை. அதையும் சேர்த்துக் கேட்டால் மொத்தக் கிளெய்மும் சந்தேகத்துக்குள்ளாகும்.

டீசல் போட்ட பங்க் ரசீது முக்கியம். குளிர்காலத்துக்கான சாதாரண டீசலுக்கே ஃபில்டர் அடைக்கும் வரம்பு 6 டிகிரி என்றுதான் இந்தியத் தரநிலை வைத்திருக்கிறது. அதற்குக் கீழே மெழுகு பிரிந்து ஃபில்டரை மூடலாம். லடாக்குக்கென 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் கொண்டுவந்த டீசல் மைனஸ் 33 வரை உறையாது. சமவெளியில் டேங்கை நிரப்பிக்கொண்டு மேலே ஏறியதுதான் கோளாறுக்குக் காரணம் என்று ரசீது காட்டும். ஷார்ட் சர்க்யூட் கதையைப் பொய்யாக்கவும் அதே ரசீது போதும்!

சர்வேயர் அறிக்கையின் நகலையும் நிராகரிப்புக் கடிதத்தையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். திராஸ் காவல் நிலையப் பதிவு, எரிந்த பாகங்களின் படங்கள் இருக்கட்டும். டிரைவரிடம் இந்தியில் வாக்குமூலம் எழுதி வாங்கியிருந்தால் அதன் நகலும் வேண்டும்; புரியாமல் போட்ட கையெழுத்து பிறகு பெரிய தொல்லை.

முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ இரண்டு வழி. பாலிசி உங்கள் தனிப்பெயரில் இருந்தால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மேனிடம் ஓராண்டுக்குள் போகலாம். கட்டணமில்லை, வக்கீலும் வேண்டாம். இல்லையேல் நாமக்கல் நுகர்வோர் ஆணையம்: 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே, இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்யலாம். வணிக வாகனம், நீங்கள் நுகர்வோரே அல்ல என்பார்கள். நஷ்டத்தை ஈடுகட்ட எடுக்கும் இன்சூரன்ஸ் வணிக நோக்கம் ஆகாது என்ற உச்ச நீதிமன்றத்தின் ஹர்சோலியா மோட்டார்ஸ் தீர்ப்பு (2023) அந்த வாதத்துக்குப் பதில்.

அடுத்த நடைக்கு ஒன்று. தீ மூட்ட பயந்து ராத்திரி முழுக்க இன்ஜினை ஓடவிட்டு, டிரைவர் கீழே இறங்கிப் போனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-வது பிரிவில் மாட்டுவார்: பொது இடத்தில் நிற்கும் வண்டியில் இன்ஜின் ஓடினால், லைசென்ஸ் உள்ளவர் டிரைவர் சீட்டில் இருந்தாக வேண்டும். சாவியோடு வண்டி திருடு போனால் அந்தக் கிளெய்மும் சிக்கல்தான்.