மாமனாரின் டிடி 214-ல் விட்டுப்போன வியட்நாம் பதக்கங்களைச் சேர்க்க முடியுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அமெரிக்கரான உங்கள் மாமனார் கட்டாய ஆள்சேர்ப்பில் தரைப்படைக்குப் போனவர். 1968 ஏப்ரல் நடுவில் வியட்நாம் போய், 1969 ஏப்ரலில் திரும்பிய கையோடு டிஸ்சார்ஜ். டிடி 214 என்ற பணிவிடுப்புத் தாளில் இரண்டே பதக்கங்கள். கூட இருந்தவர்கள் தாளில் ஏழெட்டு இருக்கின்றன. கோப்பு எரிந்துபோயிருக்கும் என்று யாரோ சொன்னார்கள்.

எரியவில்லை. படையினரின் கோப்புகளை வைத்திருக்கும் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் 1973 ஜூலை 12-ல் தீப்பிடித்தது உண்மைதான். ஆனால் அதில் போனவை 1912 நவம்பர் 1 முதல் 1960 ஜனவரி 1 வரை தரைப்படையிலிருந்து விடுபட்டவர்களின் கோப்புகள், விமானப்படையில் 1947 முதல் 1964 தொடக்கம் வரை விடுபட்டவர்களில் ஒரு பகுதி. 1969-ல் விடுபட்டவர் இதில் வரவே மாட்டார். "தீயில் போச்சு" என்று கேட்டதுமே கைவிட்டுவிடும் குடும்பங்கள் நிறைய. அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

எழுத்தர் வேண்டுமென்று விட்டுவிட்டார் என்றும் நினைக்க வேண்டாம். வியட்நாமிலிருந்து வந்தவர்களில் பணிக்காலம் 150 நாளுக்குள் மீதம் இருந்தவர்களை கலிபோர்னியாவின் ஓக்லாந்து போன்ற இடங்களில் அவசர அவசரமாகத் தாள் அடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பல அங்கீகாரங்கள் அதற்குப் பிறகுதான் வந்தன. தென்வியட்நாம் அரசின் 'கேலன்ட்ரி கிராஸ் வித் பாம்' யூனிட் விருதைப் பாருங்கள். அங்கிருந்த தரைப்படை யூனிட்டுகள் எல்லாவற்றுக்கும் அதை வழங்கிய பொது ஆணை எண் 8 வெளிவந்தது 1974-ல். 1969-ல் தட்டச்சு செய்த தாளில் அது எப்படி இருக்கும்? ஆகவே நீங்கள் நிரூபிக்க வேண்டியது அவருடைய வீரத்தை அல்ல. அவர் எந்த யூனிட்டில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை இருந்தார் என்பதை மட்டும்தான். மற்றதை விதிப்புத்தகம் பார்த்துக்கொள்ளும்.

முதல் வேலை முழுக் கோப்பை வாங்குவது. எஸ்எஃப் 180 படிவம், அல்லது தேசிய ஆவணக் காப்பகத்தின் இணைய வழி. மாமனார் தம் கையால் கையெழுத்திட வேண்டும். விடுபட்டு 62 ஆண்டு ஆனால்தான் கோப்பு பொது ஆவணமாகும், அவருக்கு அது 2031. படிவத்தில் "214 நகல் வேண்டும்" என்று எழுதினால் அந்த ஒற்றைத் தாள்தான் வரும். "முழுப் பணிக்கோப்பு, மருத்துவத் தாள்கள் உட்பட" என்று எழுதுங்கள். அவருடைய பழைய சேவை எண்ணையும் சமூகப் பாதுகாப்பு எண்ணையும் இரண்டையும் குறிப்பிடுங்கள். தரைப்படை 1969 ஜூலை 1-ல்தான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறியது. அதற்கு முன் விடுபட்டவரின் தாள்கள் பழைய எண்ணில்தான் இருக்கும். கட்டாயத்தில் போனவர் என்றால் அந்த எண் 'யூஎஸ்' என்ற எழுத்துகளோடு தொடங்கும்.

கோப்பு வந்ததும் முதலில் தேட வேண்டியது டிஏ படிவம் 20 என்ற பணிப்பதிவு அட்டை. மடித்த கெட்டி அட்டை, பொடி எழுத்து, பாதி தட்டச்சு, பாதி பென்சில். வழக்கு முழுவதும் அதில்தான் இருக்கிறது. கட்டம் 31-ல் வெளிநாட்டுப் பணி, போன தேதி, வந்த தேதி. 38-ல் எந்த யூனிட், எந்த நாளிலிருந்து, பக்கத்தில் நடத்தைக்கும் திறமைக்கும் மதிப்பீடு. 40-ல் காயங்கள். 41-ல் விருதுகள். கட்டம் 41-ஐயும் 214-ன் கட்டம் 24-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அட்டையில் இருந்து 214-க்கு ஏறாமல் போனவை அங்கேயே தெரிந்துவிடும்.

இப்போது கணக்கு. தேசப் பாதுகாப்புச் சேவைப் பதக்கம்: 1961 ஜனவரி 1 முதல் 1974 ஆகஸ்ட் 14 வரை பணியில் இருந்தால் போதும். வியட்நாம் சேவைப் பதக்கம் அநேகமாகத் தாளில் இருக்கும், அதன் மேல் வரும் வெண்கல நட்சத்திரங்கள் இருக்காது. ஒரு போர்க்கட்டத்துக்கு ஒரு நட்சத்திரம், வியட்நாமுக்கு மொத்தம் 17 கட்டங்கள். அவர் 1968 ஏப்ரல் நடுவில் இறங்கினார் என்றால் ஏப்ரல் 2 முதல் ஜூன் 30 வரை ஒன்று, ஜூலை 1 முதல் நவம்பர் 1 வரை ஒன்று, நவம்பர் 2 முதல் 1969 பிப்ரவரி 22 வரை ஒன்று, பிப்ரவரி 23 முதல் ஜூன் 8 வரை ஒன்று. நான்கு நட்சத்திரம். தென்வியட்நாம் அரசின் போர்ப் பதக்கத்துக்கு ஆறு மாதம் வேண்டும், அவர் ஒரு வருடம் இருந்திருக்கிறார். யூனிட் விருதுகளுக்கு டிஏ பாம்ப்லெட் 672-3 என்ற பட்டியலைப் பாருங்கள். பட்டாலியன் பெயர், தேதி, ஆணை எண் எல்லாம் அதில் இருக்கும். தேதி அவருடைய தேதிக்குள் விழுகிறதா என்று கவனமாகப் பாருங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்.

நன்னடத்தைப் பதக்கத்துக்குப் பொதுவாக மூன்று வருடப் பணி வேண்டும். முதல் பணிக்காலத்திலேயே விடுபட்டவர்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் இருந்தாலே போதும். கட்டம் 38-ல் 'எக்ஸலன்ட்' என்றே வரிசையாக இருந்து, தண்டனை எதுவும் இல்லாமல், தளபதி தகுதிநீக்கம் செய்த தாளும் கோப்பில் இல்லை என்றால் தயங்காமல் கேளுங்கள்.

காயம்பட்டவர்களுக்கான பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் வேறு மாதிரி. எதிரியின் செயலால் காயம், மருத்துவச் சிகிச்சை, அந்தச் சிகிச்சை அப்போதே பதிவானது, இந்த மூன்றும் வேண்டும். ஜீப் கவிழ்ந்த காயம் செல்லாது. கட்டம் 40, மருத்துவத் தாள், வியட்நாம் கேஷுவல்ட்டி ரோஸ்டர் என்ற காயம்பட்டோர், இறந்தோர் பட்டியல், இவற்றில் ஏதாவது ஒன்று பேச வேண்டும். காலாட்படை பேட்ஜையும் உணர்ச்சிவசப்பட்டுக் கேட்காதீர்கள். அது காலாட்படைத் தொழில்குறி (படையில் அவரவர் வேலைக்குத் தரும் குறியீடு) உள்ளவருக்குத்தான், பீரங்கிப் படையில் இருந்து எவ்வளவு சண்டை பார்த்திருந்தாலும் கிடைக்காது. வெள்ளி நட்சத்திரம் போன்ற வீர விருதுக்கு அந்தக் காலத்தில் ஆணை போட்டிருந்தால் நகலைத் தேடி எடுக்கலாம். பரிந்துரையே நடக்கவில்லை என்றால் நாடாளுமன்ற உறுப்பினர் வழியாக டிஏ 638 என்ற விருதுப் பரிந்துரைப் படிவம், நேரில் கண்டவர்களின் வாக்குமூலம் என்று அது தனிப் பாதை. அதை இந்த மனுவோடு கலக்கவே கூடாது. கலந்தால் எளிதில் கிடைக்க வேண்டியதும் சேர்ந்து தாமதமாகும்.

மனு முதலில் செயின்ட் லூயிஸுக்கு. அங்கே மறுத்தால் ஃபோர்ட் நாக்ஸில் உள்ள விருதுப் பிரிவு. அங்கும் தீராததை டிடி 149 படிவத்தில் தரைப்படை ஆவணத் திருத்த வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். கீழே கேட்காமல் நேரே வாரியத்துக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள். பிழை தெரிந்த மூன்று ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும் என்பது சட்டம், நியாயம் கருதி அந்தக் காலக்கெடுவை வாரியம் தளர்த்தலாம். கோப்பிலேயே தெளிவாக இருப்பதை ஊழியர்களே சேர்த்துவிடுவார்கள், சர்ச்சை உள்ளது மட்டும் மூன்று சிவிலியன் உறுப்பினர்களிடம் போகும். காத்திருப்பு மாதக் கணக்கில்.

டிடி 149-ல் கதை எழுதாதீர்கள். "கட்டம் 24-ல் கீழ்க்கண்டவற்றைச் சேர்க்கக் கோருகிறேன்" என்று தொடங்கி ஒரு வரிக்கு ஒரு பதக்கம், அதன் பக்கத்திலேயே ஆதாரம்: "டிஏ 20, கட்டம் 31", "பொது ஆணை 8, 1974". ஆதாரத் தாளில் அந்த வரியைக் குறியிட்டு நகலை மட்டும் அனுப்புங்கள், அசல் வீட்டில் இருக்கட்டும்.

கட்டணம் கிடையாது. இதே படிவத்தை நிரப்பித் தருகிறேன் என்று வயதானவர்களிடம் நூறு, இருநூறு டாலர் வாங்கும் ஆட்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. இன்னொன்று, முன்னாள் படையினர் நாள் வந்தால் 214-ஐப் படம் எடுத்து முகநூலில் போடுகிறார்கள், சமூகப் பாதுகாப்பு எண் பளிச்சென்று தெரிகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

"அந்தப் போரே தப்பு, அதற்குப் பதக்கம் ஒரு கேடா" என்று கீழே கருத்து எழுத வருபவர்களுக்கு: போரைப் பற்றி எனக்கும் கருத்து உண்டு. இங்கே கேள்வி அரசு தன் தாளில் உண்மையை எழுத வேண்டுமா என்பது மட்டுமே. அவர் கேட்டுப் போனவரும் இல்லை. பர்ப்பிள் ஹார்ட் சேர்ந்தால் முன்னாள் படையினருக்கான அரசு மருத்துவத்தில் முன்னுரிமைப் பிரிவு 3 கிடைக்கும், ஆகவே வெறும் அலங்காரம் என்றும் சொல்ல முடியாது.

திருத்தம் வரும்போது 214 மாறாது. டிடி 215 என்று தனித் தாள் வரும். இரண்டையும் சேர்த்தே வையுங்கள், நகல் கேட்கும் இடத்தில் இரண்டையும் கொடுங்கள். பதக்கங்கள் பிலடெல்பியாவிலிருந்து தனியே தபாலில் வரும். தென்வியட்நாம் அரசின் பதக்கத்தை அமெரிக்க அரசு அனுப்பாது, கடையில் வாங்கிக்கொள்ள வேண்டும். பெட்டியில் அது இல்லையே என்று மறுபடி மனு போட வேண்டாம்.